இடுகுறி அல்ல: ஆங்கில மரபுத்தொடர்கள் பற்றிய ஒரு கொள்கைக்கு மறுப்பு

ஆங்கில மரபுத்தொடருக்குப் பாடநூல்களும் தேர்வு வழிகாட்டிகளும் ஏறத்தாழ ஒரே இலக்கணத்தைக் கூறுகின்றன. ஒரு தொடரில் உள்ள சொற்களின் பொருளைத் தனித்தனியே கூட்டிப் பார்த்தாலும் தொடரின் பொருள் கிடைக்காவிட்டால் அது மரபுத்தொடர் என்பது அந்த இலக்கணம். நேர்ப்பொருளை நம்பி ஏமாறாதே என்னும் எச்சரிக்கையாக மட்டும் அது நின்றிருந்தால் அதில் குறை காண இடமில்லை. ஆனால் அதிலிருந்து, சொற்களுக்கும் தொடரின் பொருளுக்கும் தொடர்பே இல்லை, ஆகவே விளக்கம் தேடுவது வீண், உருப்போடுவதே ஒரே வழி என்னும் முடிவு இழுக்கப்பட்டு, கற்பிக்கும் முறை முழுவதும் அதன்மேல் கட்டப்பட்டுவிட்டது. மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வுகளில் மரபுத்தொடருக்குப் பொருள் கேட்கும் வினாக்கள் உண்டு. அவற்றுக்கு ஆயத்தமாகும் மாணவரிடம் தரப்படுவது, இடப்பக்கம் தொடரும் வலப்பக்கம் பொருளுமாக அகர வரிசையில் அச்சிட்ட நீண்ட பட்டியல். 'கை' என்று பொருள்படும் 'ஹேண்ட்' என்னும் சொல்லை உடைய தொடர்கள் அந்தப் பட்டியலில் ஒன்று 'ஏ' எழுத்தின் கீழும், ஒன்று 'ஓ' எழுத்தின் கீழும், மற்றொன்று 'டபிள்யூ' எழுத்தின் கீழுமாகச் சிதறிக் கிடக்கும். அவை ஒரு தாய்ச் சொல்லின் மக்கள் என்பதை அறியவே மாணவருக்கு வாய்ப்பில்லை.

தமிழ் இலக்கணத்தார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரித்தனர். காரணம் எதுவும் கருதாமல் முன்னோர் இட்டு வழங்கியது இடுகுறி. ஒரு காரணம் பற்றி வந்தது காரணப்பெயர். இந்தப் பகுப்பைக் கொண்டு நோக்கினால், மேற்சொன்ன கொள்கை மரபுத்தொடர் அனைத்தையும் இடுகுறி என்று தள்ளிவிடுகிறது என்பது விளங்கும். அந்தத் தீர்ப்பு பிழையானது. மரபுத்தொடர்களில் பெரும்பகுதி காரணம் உடையவை. அந்தக் காரணம் பெரும்பாலும் அவற்றின் நடுவில் நிற்கும் எளிய அன்றாடச் சொல்லிலேயே இருக்கிறது.

கொள்கையினர் சான்றாக எப்போதும் காட்டுவது, இறத்தல் என்று பொருள்படும் 'கிக் த பக்கெட்' என்னும் தொடர். வாளியை உதைப்பதற்கும் சாவதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டுவிட்டு, தொடர்பு ஏதும் புலப்படவில்லை என்றவுடன் மரபுத்தொடர் எல்லாமே இப்படித்தான் என்று முடித்துவிடுகின்றனர். 1785-இல் பிரான்சிஸ் குரோஸ் வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதியில் இத்தொடர் இடம்பெற்றிருக்கிறது. அது எப்படித் தோன்றியது என்பது பற்றி ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. அப்படிப்பட்ட ஒன்றை, விதிவிலக்கு என்று ஒதுக்கி வைக்க வேண்டியிருக்க, அதையே விதியாக்கியது முதற் பிழை. அது அன்றாட வழக்கில் பெருகி வரும் தொடரும் அன்று. 1998-இல் வெளிவந்த ஆய்வு நூலில் ரோசமண்ட் மூன் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் சொற்கள் கொண்ட ஆங்கில உரைத் தொகுப்பு ஒன்றில் நிலைத்தொடர்களைத் தேடினார். பட்டியல்களில் மின்னும் வண்ணத் தொடர்கள் பல அதில் மிக அரிதாகவே வந்திருந்தன. சில ஒருமுறைகூட வரவில்லை. அரிதாக வருவதை அளவுகோலாகப் பிடித்துக்கொண்டு அன்றாடம் வருவதை அளந்ததால் விளைந்த குழப்பமே இன்று பாடநூல்களில் கொள்கையாக நிற்கிறது.

'ஹேண்ட்' என்னும் சொல்லையே எடுத்துக்கொண்டு அதன் தொடர்களை ஒருங்கே வைத்துப் பார்த்தால் வேறொரு காட்சி கிடைக்கும். மனிதன் ஒரு பொருளைத் தனதாக்கிக்கொள்வது கையால் பற்றி. ஆகவே கை என்பது உடைமையையும் ஆளுகையையும் குறிக்கிறது. வீடோ நிறுவனமோ ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு உரிமையாவது 'சேஞ்ச் ஹேண்ட்ஸ்'. ஒருவர் பயன்படுத்திய பின் மற்றவரிடம் வரும் பொருள் 'செகண்ட் ஹேண்ட்'. ஒரு செய்தியை இடைத்தரகர் இன்றித் தானே அறிவது 'ஃபர்ஸ்ட் ஹேண்ட்'. போட்டியில் மேலோங்கி நிற்பது 'அப்பர் ஹேண்ட்'. விதியோ சட்டமோ தடுப்பதால் ஒன்றும் செய்ய இயலாத நிலையில் அதிகாரி சொல்வது தன் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன என்பது. இவற்றுள் எதற்கும் தனிப்பட்ட மனப்பாடம் தேவையில்லை. கை ஆளுகையைக் குறிக்கும் என்னும் ஒன்றைப் புரிந்துகொண்டவருக்கு மற்றவை தாமே திறந்துகொள்ளும்.

கை எட்டும் தூரமே அருகு என்பதால் 'அட் ஹேண்ட்' என்பது இடத்தாலோ காலத்தாலோ அண்மையில் இருப்பதைக் குறிக்கிறது. உடலின் இருபுறமும் கைகள் இருப்பதால் கை என்பது பக்கத்தைக் குறிக்கிறது. வாதத்தின் ஒரு பக்கத்தையும் மறு பக்கத்தையும் காட்டும் 'ஆன் த ஒன் ஹேண்ட்', 'ஆன் தி அதர் ஹேண்ட்' என்னும் இணை இவ்வாறு வந்தது. தமிழ் 'ஒருபுறம்', 'மறுபுறம்' என்று சொல்வதும் இதே காட்சியிலிருந்துதான். எழுதுவது கை என்பதால் ஒருவரது கையெழுத்தும் 'ஹேண்ட்'. உழைப்பது கை என்பதால் உழைப்பாளியும் 'ஹேண்ட்'. இந்தக் கடைசிப் பொருள் சற்று நின்று பார்க்கத்தக்கது. பண்ணையாள், கப்பலில் வேலை செய்பவர், ஆலைத் தொழிலாளி எல்லோரையும் ஆங்கிலம் 'ஹேண்ட்' என்றே குறித்தது. கப்பலில் உள்ள அனைவரையும் மேல்தளத்துக்கு அழைக்கும் ஆணையில் எண்ணப்பட்டவை கைகளே. ஆலை முதலாளிகள் மனிதரைக் கைகளாக மட்டும் எண்ணிய அந்த வழக்கை சார்லஸ் டிக்கன்ஸ் 1854-இல் எழுதிய 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் கடுமையாகச் சாடியிருக்கிறார். தொடரின் பொருள் காரணமற்றது என்றால் அந்தச் சாடலுக்கே இடமிருந்திராது. சொல்லுக்குள் கை இருப்பதை வாசகர் உணர்ந்ததால்தான் அது உறைத்தது.

கையெழுத்து, உழைப்பாளி என்னும் இந்த இரு பொருள் வழிகளையும் தெரிந்துகொண்டவர், பட்டியல் படித்தவர் தடுமாறும் இடத்தில் தெளிவாக நடப்பார். 'ஷார்ட்ஹேண்ட்' என்பது சுருக்கெழுத்து. 'ஷார்ட்-ஹேண்டட்' என்பது ஆள் பற்றாக்குறை. தேர்வறையில் இவ்விரண்டையும் மாற்றிப் போட்டுவிடும் மாணவர் பலர். முன்னதில் இருப்பது எழுதும் கை, பின்னதில் இருப்பது உழைக்கும் கை என்று ஒரு வரியில் விளக்கிவிட்டால் மாணவர் அவற்றை மீண்டும் குழப்பிக்கொள்ள மாட்டார்.

இன்னொரு தொடரை இன்னும் அருகில் வைத்துப் பார்க்கலாம். 'அவுட் ஆஃப் ஹேண்ட்' என்பதற்குப் பெரும்பாலான பட்டியல்கள் தரும் பொருள் 'கட்டுக்கடங்காமல்' என்பது. ஒரு மாணவர் அதை மனப்பாடம் செய்துகொண்டு செய்தித்தாளைப் பிரிக்கிறார். அமைச்சர் ஒரு கோரிக்கையை 'அவுட் ஆஃப் ஹேண்ட்' நிராகரித்தார் என்று அதில் இருக்கிறது. கட்டுக்கடங்காமல் நிராகரித்தார் என்றால் பொருள் வரவில்லை. உண்மையில் அங்கே அதற்கு 'உடனடியாக, எண்ணிப் பார்க்காமலே' என்று பொருள். இரண்டில் அதுவே பழையதும் ஆகும். எந்தப் பொருள் எங்கே என்பதைத் தீர்மானிப்பது பக்கத்துச் சொல். நிராகரித்தல், மறுத்தல், தள்ளுதல் போன்ற வினைகளோடு வந்தால் உடனடி என்னும் பொருள். 'ஆகிவிடுதல்' என்னும் பொருளுடைய 'கெட்' போன்ற வினையோடு, ஒரு கூட்டமோ செலவோ சண்டையோ எழுவாயாக வந்தால் கட்டுமீறல் என்னும் பொருள். ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டே அறிய வேண்டும் என்று ஜே. ஆர். ஃபர்த் 1957-இல் எழுதியது இதைத்தான். பட்டியல் முதலில் அறுப்பது அந்தக் கூட்டாளிகளை. தனியே பிடுங்கி எடுத்த தொடருக்கு ஒற்றைப் பொருளைச் சூட்டிவிட்டு, பிறகு ஆங்கிலம் விளங்காத மொழி என்று பழி சொல்வது நியாயமன்று.

தொடரின் உறுப்புகளுக்குத் தனிப்பொருள் இல்லை என்னும் கூற்றை மொழியியலாளர்களும் நெடுங்காலம் ஏற்றிருந்தனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதை ஆழமாக அசைத்தது ஜெஃப்ரி நன்பர்க், ஐவன் சாக், தாமஸ் வாசோ ஆகிய மூவர் 1994-இல் 'லாங்குவேஜ்' ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை. மரபுத்தொடர்களில் பெரும்பாலானவற்றில் பொருள் உறுப்புகளிடையே பங்கிடப்பட்டிருக்கிறது என்றும், ஒட்டுமொத்தமாகத் தொடருக்கு மட்டுமே பொருள் இருப்பவை சிறுபான்மையே என்றும் அவர்கள் வாதிட்டனர். சான்று எளியது. உறுப்புக்குப் பொருள் இல்லையென்றால் அதற்கு அடைமொழி சேர்க்கவோ, அதை மட்டும் பெயர்த்து முன்னே வைக்கவோ, அதைப் பற்றி வினா எழுப்பவோ முடியாது. வாளித் தொடரில் அது முடியாது. வாளி உதைக்கப்பட்டது என்று செயப்பாட்டுவினையாக்கினால் சாவு என்னும் பொருள் போய்விடுகிறது. ஆனால் 'சேஞ்ச் ஹேண்ட்ஸ்' என்பதில் மூன்று முறை கை மாறியது என்று சொல்ல முடிகிறது. ஆவணம் தவறான கைகளில் விழுந்தது என்று அடை சேர்க்க முடிகிறது. கைகள் கட்டப்பட்டிருக்கின்றன என்று சொல்லும் அதிகாரியிடம், யார் கட்டினார்கள் என்று திருப்பிக் கேட்க முடிகிறது. பொருளற்ற உறுப்பு இப்படி அடையும் வினாவும் ஏற்குமா?

இங்கே எழக்கூடிய வலுவான தடை ஒன்று உண்டு. அதற்கு விடை சொல்லாமல் மேலே செல்வது முறையன்று. காரணம் தெரிந்த பின் எல்லாம் எளிதாகத் தோன்றும், ஆனால் கை என்னும் சொல்லை மட்டும் அறிந்த ஒருவர் இந்தத் தொடர்களைத் தாமே உண்டாக்கிவிட முடியுமா என்பது அந்தத் தடை. முடியாது. படிக்கும்போது புரிந்துகொள்வது வேறு, எழுதும்போது சரியான தொடரைத் தேர்வது வேறு என்று ஆடம் மக்காய் 1972-இலேயே பிரித்துக் காட்டினார். சார்லஸ் ஃபில்மோர், பால் கே, மேரி கேத்தரின் ஓ'கானர் ஆகியோர் 1988-இல் அதை வளர்த்தனர். ஆனால் முன்கூட்டிச் சொல்ல முடியாதது எல்லாம் காரணமற்றது ஆகிவிடாது. இதற்கும் தமிழ் இலக்கணத்தில் இடம் உண்டு. முள் உடையது என்னும் காரணத்தை நோக்கினால் முள்ளி என்னும் பெயர் முள்ளுடைய செடிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆனால் வழக்கு அதை ஒரு செடிக்கே நிறுத்திவிட்டது. இத்தகையவற்றைக் காரண இடுகுறி என்று இலக்கணத்தார் தனியே வகுத்தனர். ஆங்கில மரபுத்தொடர்களின் உண்மையான இடம் அதுவே. காரணம் வாயிலைத் திறக்கிறது, வழக்கு எல்லையை வகுக்கிறது. கற்பவர் இரண்டையும் கற்க வேண்டும். காரணத்தை எறிந்துவிட்டு வழக்கை மட்டும் சுமக்கச் சொல்வது பாதிப் பாடம். தொல்காப்பியரும் உரியியலில், சொற்பொருளின் காரணம் நோக்கிய மாத்திரத்தில் விளங்கித் தோன்றாது என்றார். காரணமே கிடையாது என்று சொல்லவில்லை.

தமிழ் மாணவருக்கு இதில் இயல்பாகவே ஒரு துணை இருக்கிறது, அதைப் பட்டியல் முறை பயன்படுத்துவதே இல்லை. கையோங்குதல், கைகழுவுதல், கைமாறுதல், கையும் களவுமாகப் பிடிபடுதல், கைவசம் இருத்தல், கைதேர்தல் என்று தமிழிலும் கை இதே வேலைகளைச் செய்கிறது. முறைமன்றச் சட்ட மரபில், நிவாரணம் கேட்டு வருபவர் தூய கரங்களுடன் வர வேண்டும் என்னும் ஆங்கிலக் கோட்பாட்டை இந்திய நீதிமன்றங்கள் இன்றும் எடுத்தாளுகின்றன. 'அவர் கை சுத்தம்' என்று ஊரில் சொல்லிப் பழகிய ஒருவருக்கு அதைப் புரிந்துகொள்ள அகராதி தேவையில்லை. கொடூரக் குற்றத்தில் இரத்தக் கறை காயாத கையோடு பிடிபட்டவரைக் குறிக்க ஸ்காட்லாந்துச் சட்ட வழக்கில் எழுந்த 'ரெட்-ஹேண்டட்' என்பது, கையும் களவுமாக என்பதோடு பொருளால் அப்படியே பொருந்துகிறது.

எனினும் இரு மொழிகளும் எங்கும் ஒத்தே போகும் என்று நம்பினால் சறுக்கல் நேரும். ஆங்கிலத்தில் ஒருவரை நோக்கிக் கையை நீட்டுவது நட்புக்கும் உதவிக்கும் அடையாளம். தமிழில் கை நீட்டினான் என்றால் அடித்தான் என்றோ லஞ்சம் வாங்கினான் என்றோ ஊர் புரிந்துகொள்ளும். கைமாற்று என்பது வட்டியின்றி வாங்கும் சிறு கடன். ஆங்கிலக் கைமாறுதலில் உடைமையே போய்விடுகிறது. ஒரு வீட்டில் கை நனைத்தான் என்பதற்கு ஆங்கிலத்தில் இணையே இல்லை, ஏனெனில் கையால் உண்டு கை கழுவி எழும் வாழ்க்கையிலிருந்து பிறந்தது அது. அதுபோலவே குதிரையும் கப்பலும் சீட்டாட்டமும் ஆங்கிலக் கைத்தொடர்களுக்குள் புகுந்திருக்கின்றன. எளிதாக வெல்வதைக் குறிக்கும் 'ஹேண்ட்ஸ் டவுன்' என்பது, மிகவும் முந்திவிட்ட குதிரையோட்டி கடிவாள வாரைத் தளரவிட்டுக் கைகளைத் தாழ்த்தியபடியே எல்லைக்கோட்டைக் கடந்த பந்தயக் களத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. பணத்தை வேகமாகக் குவிப்பதைச் சொல்லும் 'ஹேண்ட் ஓவர் ஃபிஸ்ட்' மாலுமிகள் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்த செயலிலிருந்து வந்தது. ஒருவரைத் தன் எண்ணத்தை வெளிப்படுத்த நிர்ப்பந்திப்பதைச் சொல்லும் தொடரில் உள்ள 'ஹேண்ட்' கையும் அன்று; கையில் பிடித்த சீட்டுகள். காரணம் இல்லாதது போல் இவை தோன்றுவது, அந்த வாழ்க்கை கற்பவருக்கு அறிமுகமில்லாததால்தான். அதை அறிமுகப்படுத்துவது ஆசிரியரின் கடமை.

காரணம் தேடுவது கட்டுக்கதைக்கு வழிவிடும் என்றும் சிலர் அஞ்சுகின்றனர், அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. பெருமழையை நாயும் பூனையுமாகப் பெய்கிறது என்று ஆங்கிலேயர் சொல்வதற்கு, கூரை வைக்கோலில் உறங்கிய விலங்குகள் மழையில் வழுக்கி விழுந்ததே காரணம் என்று இணையத்தில் சுற்றும் கதை பொய். 'அப்பர் ஹேண்ட்' என்பது சிறுவர்கள் பேஸ்பால் மட்டையைக் கைமேல் கை வைத்துப் பிடித்து முதல் ஆட்டத்தைத் தீர்மானித்த விளையாட்டிலிருந்து வந்தது என்பதும் அப்படியே. பேஸ்பால் பிறப்பதற்கு நெடுநாள் முன்பே, 1662-இன் ஆங்கிலத் திருச்சபைப் பொது மன்றாட்டு நூலில் உள்ள சங்கீதத்தில் அத்தொடர் இருக்கிறது. பொய்க் காரணத்துக்கு மருந்து உண்மைக் காரணத்தைத் தேடுவது. தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று எழுதுவது. எல்லாவற்றையும் காரணமற்றது என்று அறிவித்துவிட்டால் பொய்க்கதைக்கு இன்னும் அகலமாக இடம் கிடைக்கிறது, ஏனெனில் காரணம் கேட்பதை மனித மனம் நிறுத்திக்கொள்வதில்லை.

மரபுத்தொடர் என்பது ஆங்கிலத்தின் நகை, அதை அணிந்தால்தான் சரளம் என்பது உருப்போடும் கொள்கையோடு சேர்ந்து வளர்ந்த எண்ணம். அதனால் விளைவது, வண்ணத் தொடர்களை இடமறியாமல் செருகுவதும், அன்றாடச் சொற்சேர்க்கைகளில் இடறுவதும். சொற்சேர்க்கை என்பது ஒரு சொல் வழக்கமாக எந்தச் சொல்லோடு கூடி வருகிறதோ அந்தக் கூட்டு. இதன் அருமையை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர், தோக்கியோவில் ஆங்கிலக் கல்விக்காக உழைத்த ஹெரால்ட் பாமர். அவரது சொற்சேர்க்கை அறிக்கை 1933-இல் வெளிவந்தது. அந்தப் பணியின் தொடர்ச்சியாக ஏ. எஸ். ஹார்ன்பி தம் துணைவர்களோடு ஜப்பானில் தொகுத்து 1942-இல் வெளியான அகராதியே பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாகி உலகெங்கும் மாணவர் கைக்குச் சென்றது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்குக் கற்பித்த அனுபவமே அதை உண்டாக்கியது என்பது குறிப்பிடத்தக்கது. இந்த எளிய கூட்டுகளிலும் காரணம் உண்டு. கைகுலுக்குவதைச் சொல்லும் 'ஷேக் ஹேண்ட்ஸ்' பன்மையில் வருவது ஏன்? குலுங்குவது இருவர் கைகள் என்பதால். இந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடுக்காததால் 'ஷேக் ஹேண்ட் வித்' என்று ஒருமையில் எழுதும் பிழை விண்ணப்பங்களிலும் கட்டுரைகளிலும் தொடர்கிறது. 'ஆன் தி அதர் ஹேண்ட்' என்பதை 'மேலும்' என்னும் பொருளில் எழுதுவதும் அப்படியே. மறுபக்கம் என்னும் காட்சி மனத்தில் இருந்தால் அந்தப் பிழை நேராது.

காரணத்தோடு கற்றது நினைவில் தங்குவது எளிது என்பது வெறும் நம்பிக்கையும் அன்று. உருவகத்தின் மூலத்தைச் சுட்டிக் கற்பிப்பது சொற்களை நினைவில் நிறுத்த உதவுகிறது என்பதை ஃபிராங்க் போயர்ஸ் 2000-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இதை அறிந்தும் பட்டியலையே மறுபதிப்புச் செய்வதற்கு, பட்டியலைத் தொகுப்பது எளிது என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

ஆகவே வழிகாட்டி நூல் எழுதுவோரிடமும் ஆசிரியரிடமும் வைக்க வேண்டிய வேண்டுகோள் சிறியதே. அடுத்த பதிப்பில் அகர வரிசையைக் கலைத்து, கை, கண், தலை, வாய், வழி, நேரம் போன்ற அன்றாடச் சொற்களின் கீழ் தொடர்களைத் திரட்டுங்கள். ஒவ்வொன்றோடும் அது கூடி வரும் வினையையும் எழுவாயையும் சேர்த்து அச்சிடுங்கள். காரணம் தெரிந்தால் ஒரு வரியில் எழுதுங்கள், தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள்.